அழகும் வேண்டும், தோலும் நலமாக இருக்க வேண்டும்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராகப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காய்ச்சல் மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் அடுத்தபடியாக எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படுவது முகத்துக்குப் பூசும் கிரீம்தான். கேட்பவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பாட்டன் காலத்தில் வந்து தங்கியவர்களின் பிள்ளைகள், மாட்டுங்காவிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் வருபவர்கள், கல்யாணமாகி டோம்பிவலிக்குப் போன பிறகும் பழக்கத்தினால் இங்கேயே வாங்குபவர்கள். கடையில் கூட்டம் நிற்கும்போது விளக்கமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அங்கே சொல்ல முடியாமல் போனவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முகத்தை அழகுபடுத்திக்கொள்வதே தோலுக்குக் கெடுதல்தானா?

இல்லை. மை தீட்டுவதும், பொட்டு வைப்பதும், பருவின் தழும்பை மறைக்க நினைப்பதும் இயல்பான ஆசைகள். அவற்றை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் தோலுக்கு ஒரு குணம் உண்டு. சூடு, உரசல், எரிச்சல், கீறல், அமிலம் ஆகியவற்றில் எது பட்டாலும், காயம் ஆறிய இடத்தில் அது கருமையை விட்டுச் செல்லும். வெள்ளைத் தோலில் சிவந்து மறைந்துவிடும் அதே எரிச்சல், நம் முகத்தில் மாதக்கணக்கில் கறையாக நிற்கும். கருமையைப் போக்க வேண்டுமென்று அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு அந்தத் தேய்ப்பினாலேயே கருமை கூடுகிறது என்பதை நான் கடையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எனவே எந்தப் பொருளைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எரிச்சல் தருகிறதா என்பதுதான். எரிந்தால் வேலை செய்கிறது என்று பொருள் என்பது மிகத் தவறான நம்பிக்கை.

கிரீம் பூசிச் சிவப்பாக முடியுமா?

வெளுத்த நிறத்தைச் 'சிவப்பு' என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது; பெண் பார்க்கப் போய் வந்தவர்களிடம் முதலில் கேட்கப்படுவதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். ஆகையால் கேள்வியின் வலியை நான் சிறிதாக எண்ணவில்லை. உண்மை என்னவென்றால், கறுத்தவர்களுக்கும் வெளுத்தவர்களுக்கும் நிறமி உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அந்தச் செல்கள் உண்டாக்கும் மெலனின் எவ்வளவு, எந்த வகை, தோலில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. அது பிறப்பிலேயே அமைவது. கையை உயர்த்தி, மேல்கையின் உட்புறத்தை, அதாவது வெயில் படாத இடத்தைப் பாருங்கள். அதுதான் உங்கள் சொந்த நிறம். வெயிலாலும் பருவாலும் முகத்தில் சேர்ந்த கருமையைக் குறைத்து அந்த நிறத்துக்குத் திரும்புவது முடியும். அதைத் தாண்டி வெளுப்பதாகச் சொல்லும் பொருள் ஏதோ ஒரு விதத்தில் தோலைக் கெடுத்துத்தான் அதைச் செய்யும்.

1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. பெயர் மாறிய பிறகும் கடைக்கு வருபவர்கள் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். கேட்பதற்கான காரணமும் மாறவில்லை. 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்ற பழமொழி வீட்டில் புழங்கிக்கொண்டேதான் இருக்கிறது. வரன் பார்க்கும்போது மட்டும் அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு ட்யூப் போட்டு ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆகிவிட்டாள். அதையே நானும் போடலாமா?

வேண்டாம். ஒரு வாரத்தில் முகம் வெளுத்துப் பளபளத்தால், அந்த ட்யூபில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு மிக அதிகம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் ஆகிய பெயர்களை ட்யூபின் பின்புறத்தில் தேடிப் பாருங்கள். இவை கரப்பான், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்குக் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் எழுதித் தரப்படும் நல்ல மருந்துகள். இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை அடக்குவதாலும் நிறமி உற்பத்தியைக் குறைப்பதாலும் முதலில் முகம் தெளிந்தது போலத் தோன்றும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். கன்னத்தில் சிவப்பு நரம்பு நரம்பாக இரத்தக் குழாய்கள் தெரியும். தாடையில் முடி வளரும். பொடிப் பொடியாகப் பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும், சிவக்கும், முன்பைவிடக் கறுக்கும். அந்த எரிச்சலைத் தாங்க முடியாமல் மறுபடியும் அதையே பூசுவார்கள். இப்படி அடிமைப்பட்டுப்போன முகத்துக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஒரு முறை பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, பற்பசையைக் கடைசிச் சொட்டு வரை பிதுக்குவதைப் போல அடியிலிருந்து சுருட்டி வைத்திருந்த ஒரு ட்யூபைக் கொண்டு வந்து, இதே வேண்டும் என்றாள். துப்பட்டாவால் முகத்தின் பாதியை மூடியிருந்தாள். ட்யூபை வாங்கிப் பிரித்து நீவியபோது உள்ளே மூன்று மருந்துகளின் பெயர்கள் இருந்தன: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன். மங்குக்காக, அதாவது முகத்தில் படரும் கருந்திட்டுக்காக, சில வாரங்களுக்கு மட்டும் தோல் மருத்துவர் எழுதித் தரும் கலவை அது. யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "சித்தி போட்டுக்கிட்டு இருந்தாங்க, அதான் நானும்" என்றாள். எத்தனை நாளாக என்றதற்கு, பிளஸ் டூ படித்த காலத்திலிருந்து என்றாள். கூச்சப்பட்டுத் துப்பட்டாவை விலக்கினாள். கடை விளக்கின் வெளிச்சத்திலேயே கன்னம் தீப்பட்டது போலச் சிவந்திருந்தது. அவளுக்கு மருந்து தராமல் அனுப்பியபோது நான் செய்தது சரிதான் என்று தெரிந்தும் மனம் கேட்கவில்லை, ஏனென்றால் அடுத்த தெருவில் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை, மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. அட்டையில் 'ஆர்எக்ஸ்' குறியும் சிவப்புக் கோடும் இருந்தால் அது அழகுப் பொருள் அன்று, மருந்து. ஏற்கெனவே பல மாதங்களாகப் பூசிவந்தவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறிய வேண்டாம். படிப்படியாக எப்படிக் குறைப்பது, இடையில் எதைப் பூசுவது என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த கிரீம் என்கிறார்கள். அது நல்லதாகத்தானே இருக்கும்?

இறக்குமதி செய்யும் அழகுப் பொருளுக்கு இந்தியாவில் பதிவு வேண்டும். பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரியும் அட்டையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். இவற்றில் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. பாதரசம் நிறமி உண்டாவதைத் தடுத்து வெளுப்பைத் தரும். தோலின் வழியே உடம்பில் ஏறிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல் சிறுநீரகக் கோளாறுடன் வந்த சிலர், இப்படிப்பட்ட வெளுக்கும் கிரீம்களைப் பூசியிருந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அழகுப் பொருளில் தற்செயலாகக் கலந்துவிடும் பாதரசம்கூடக் கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர மற்றவற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு விதி. 'தங்க, வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்' என்று அட்டையில் எழுதியிருந்தால் அந்த டப்பாவைத் தொடவே வேண்டாம். பாதரசம் தங்கத்தைப் பிடிக்கும் என்பது எந்தப் பொற்கொல்லருக்கும் தெரியும். முகம் வீங்குவதும், கால் வீங்குவதும், சிறுநீர் நுரைத்துப் போவதும் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். பூசிய கிரீமைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கன்னத்தில் மங்கு விழுந்திருக்கிறது. முழுதாகப் போகுமா?

குறையும், கவனம் தப்பினால் திரும்ப வரும். மங்குக்கு வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை என்று பல காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் நிறத்தவரின் மங்கைக் கருக்கச் செய்யும். ஆகவே வெள்ளைச் சன்ஸ்கிரீனைவிட, இரும்பு ஆக்ஸைடு சேர்ந்து தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் மங்குக்காரர்களுக்குப் பொருத்தமானது. அசெலாயிக் அமிலம், நியாசினமைடு ஆகியவை மெதுவாக வேலை செய்பவை. மேல்தோல் புதிதாக மாற ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதால், எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் பொறுத்த பிறகே பலனைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். ஹைட்ரோகுயினோனை மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல் ஆண்டுக்கணக்கில் பூசினால், நீலமும் கருமையும் கலந்த நிரந்தரமான கறை படியக்கூடும்.

மும்பை வியர்வையில் சன்ஸ்கிரீன் பிசுபிசுக்கிறது. மழைக்காலத்திலாவது விட்டுவிடலாமா?

மேகத்தையும் சன்னல் கண்ணாடியையும் யு.வி.ஏ. என்ற வகைப் புற ஊதாக் கதிர் ஊடுருவும், மழை பெய்கிறது என்பதற்காக விடுவதற்கில்லை. பிசுபிசுப்புக்கு ஜெல் வகையை வாங்கினால் போதும். சன்ஸ்கிரீன் அட்டையில் இருக்கும் பாதுகாப்பு எண்ணான எஸ்.பி.எஃப். 30 என்பது, யு.வி.பி. என்ற மற்றொரு வகைப் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தையும், 50 என்பது 98 சதவீதத்தையும் தடுக்கும். ஆகவே எண்ணுக்காக அதிக விலை கொடுப்பதைவிட அளவு குறையாமல் பூசுவதே முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பெரும்பாலானவர்கள் கடலைப்பருப்பு அளவு தொட்டுத் தடவிவிட்டு, பலனில்லை என்கிறார்கள். வெயிலில் நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூச வேண்டும். மீன் விற்பவர்களுக்கும், கட்டட வேலை செய்பவர்களுக்கும் இது நடக்கிற காரியமில்லை. அவர்களுக்குத் தலையில் நீட்டிப் போர்த்திய முந்தானையும், அகலமான தொப்பியும், குடையுமே சிறந்த பாதுகாப்பு. அதற்குச் செலவும் அதிகமில்லை.

பையனின் கழுத்துப் பின்புறம் கறுத்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் அழுக்கு போகவில்லை. என்ன போடலாம்?

எல்லாக் கேள்விகளிலும் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். அது அழுக்கு அன்று. விரலால் தடவினால் வெல்வெட் துணிபோல மெத்தென்று தடித்து, மடிப்பு மடிப்பாகக் கறுத்திருந்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறியாக அது இருக்கக்கூடும். கழுத்தைப் போலவே அக்குளிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்ற ஆண்டு ஓர் அம்மா, ஏழாவது படிக்கும் மகனை அழைத்து வந்து வெளுக்கும் கிரீம் கேட்டார். பள்ளிச் சட்டையின் காலரை அந்தப் பையன் காது வரை தூக்கிவிட்டிருந்தான். காலரை இறக்கச் சொல்லிப் பார்த்தேன். பீர்க்கங்கூட்டால் தினமும் தேய்த்ததில் கருமையின் ஓரம் தோல் உரிந்து செந்நிறமாக இருந்தது. "குளிக்கச் சோம்பேறி அண்ணே, வகுப்பில் எல்லோரும் கேலி செய்கிறார்கள்" என்றார் அம்மா. பையன் தலையைத் தொங்கப்போட்டிருந்தான். குளிப்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று நான் சொன்னதும், முதல் முறையாக அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

இப்படிப்பட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும் செய்து பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் தாடையில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறுக்கும் பரிசோதிக்க வேண்டும். உடல் எடை குறைந்து சர்க்கரை கட்டுக்குள் வரும்போது கழுத்தின் கருமையும் தானாகவே மங்கத் தொடங்கும். அபூர்வமாக, நடுவயதுக்குமேல் திடீரென்று வேகமாகப் பரவினால் உள்ளுறுப்பு நோயின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால், தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தேய்ப்பதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

எலுமிச்சை, மஞ்சள், நலங்கு மாவு எல்லாம் இயற்கையானவை. அவற்றிலுமா ஆபத்து?

எலுமிச்சைச் சாறு வேண்டாம். நம் தோலின் பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறைந்தால் அமிலம் அதிகம்) ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாற்றினுடையது 2 முதல் 3. சாறு தடவி வெயிலில் போனால், கொப்புளம் எழும்பிக் கறுத்துப்போகவும் கூடும். நலங்கு மாவை நன்றாகச் சலித்து, தயிரிலோ தண்ணீரிலோ குழைத்துப் பூசி, காய்ந்து இறுகுவதற்கு முன் நனைத்துக் கழுவினால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. காயவிட்டுப் பரபரவென்று உரசி எடுப்பதுதான் தவறு. தேங்காயெண்ணெய் கைகால்களுக்கு அருமையானது. பரு வரும் முகத்துக்கு ஆகாது, துவாரங்களை அடைத்துவிடும். பருவின் மேல் பற்பசை வைப்பதும் கூடாது.

சீரம் எத்தனை வாங்க வேண்டும்?

தொடக்கத்தில் ஒன்றுகூட வேண்டியதில்லை. மென்மையான முகக்கழுவி, ஈரப்பசை தரும் ஜெல், சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றும் ஒரு மாதம் ஒழுங்காகப் போகட்டும். அதன் பிறகு ஏதாவது ஒன்றைச் சேருங்கள். புதியதை முழங்கையின் உட்புறத்தில் சில நாட்கள் பூசிப் பார்த்துவிட்டே முகத்துக்குப் போடுங்கள். ரெட்டினாலும் அமிலங்களும் ஒரே இரவில் சேர வேண்டாம். பத்து, பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு இந்தச் சீரங்கள் எதுவுமே தேவையில்லை.

தை மாதம் கல்யாணம். எப்போதிலிருந்து தொடங்க வேண்டும்?

ஐப்பசியிலேயே தொடங்கிவிடுங்கள். பருவும் மங்கும் இருந்தால் குறைவதற்கு மூன்று மாதமாவது பிடிக்கும். கடைசி இரண்டு வாரத்தில் புதிய ஃபேஷியல், புதிய கிரீம், முதல் முறையான பிளீச் எதுவும் வேண்டாம். பார்லரில் பிளீச்சாகப் போடுவது ஹைட்ரஜன் பெராக்ஸைடும் அம்மோனியாவும் கலந்தது, எரிச்சல் கிளம்பினால் முகூர்த்தத்துக்குள் ஆறாது. ரெட்டினாயிடு (ட்ரெட்டினாயின், ரெட்டினால் போன்றவை) பூசுபவர்கள் முகத்தில் வேக்ஸிங் செய்வதற்கு ஒரு வாரம் முன்பாகவே அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மெழுகோடு தோலும் உரிந்து வரும். வரவேற்பு முடிந்து எவ்வளவு களைத்திருந்தாலும் மேக்கப்பைக் கலைத்துவிட்டுத் தூங்குங்கள்.

பொட்டு வைக்கும் இடம் வெளுத்துப்போகிறது. வெண்புள்ளி நோயா?

ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு வேதிப்பொருள், சிலருக்கு நிறமி செல்களையே அழித்துவிடும். முதலில் அரிப்பு வரும், பிறகு பொட்டின் வடிவத்திலேயே வெளுப்பு விழும். ஸ்டிக்கரை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்திலேயே காட்டினால் நிறம் திரும்ப வாய்ப்புண்டு. ஹேர் டையில் உள்ள பி.பி.டி. என்ற சாயப்பொருளும் இப்படித்தான் பலருக்கு ஒவ்வாமை தருகிறது. பல ஆண்டுகள் பழகியவர்களுக்குக்கூடத் திடீரென்று நெற்றியும் இமையும் வீங்கும். ஒவ்வொரு முறையும் காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பார்ப்பது நல்லது.

வெளுக்க ஊசி போடுகிறார்கள். முடி நீக்க லேசரும் செய்கிறார்கள். நம்பலாமா?

இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது. குளுட்டாதயோன் ஊசிக்கு, நிறம் வெளுப்பதற்கென்று இந்தியாவில் அனுமதி கிடையாது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின்படி அழகுப் பொருள் என்பது தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது போன்ற வழிகளில் உடம்பின் மேல் இடுவது. இரத்தக் குழாயில் ஏற்றுவது அதில் வராது. அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முடி நீக்கும் லேசர் ஏற்கத்தக்க சிகிச்சைதான். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது, ஏனென்றால் அது மேல்தோலின் நிறமியில் அதிகம் சிக்காமல் முடியின் வேருக்கு இறங்குகிறது. எந்தக் கருவி, இயக்குபவர் யார், அவருடைய படிப்பு என்ன என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் வரும் படர்தாமரைக்கு?

ஈரத் துணியை உடுத்தாதீர்கள், வீட்டில் ஒரே துண்டை எல்லோரும் பயன்படுத்தாதீர்கள். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த களிம்புகள் அரிப்பை இரண்டு நாளில் அடக்கிவிட்டு நோயை உள்ளே வளர்க்கும். தொடையிலும் இடுப்பிலும் இன்று பலருக்குத் தீராத படர்தாமரை இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கர்ப்பமாக இருக்கும்போது?

ரெட்டினாயிடு, ஹைட்ரோகுயினோன் இரண்டையும் தவிர்க்க வேண்டும். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் கருத்தரிக்கக்கூடாது. குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறை ஏற்படக்கூடும்.

எந்த மருத்துவரிடம் போவது? என்ன கொண்டு போக வேண்டும்?

எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் பிறகு தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமா முடித்துப் பதிவு பெற்றவரைப் பாருங்கள். அழகுக்கலைப் பயிற்சிச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. தனியார் மருத்துவமனையின் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குச் சயான், பரேல் கே.ஈ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்க் கேஸ் பேப்பர் என்ற பதிவுச் சீட்டை எடுத்துவிட்டால் காத்திருப்பது குறையும்.

முகத்தில் பவுடரோ மேக்கப்போ இல்லாமல் போங்கள். பழைய புகைப்படம் ஒன்று கைபேசியில் இருக்கட்டும். சாப்பிடும் மாத்திரைகளோடு, இதுவரை பூசிய எல்லாவற்றையும், தீர்ந்துபோனவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் தேய்ந்து அழிந்துபோன ட்யூபாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். சுருட்டிய அடிப்பகுதியை நீவிப் பிரித்தால், அங்கே அழுத்தி அச்சிட்ட பேட்ச் எண் இன்னும் தெரியும்.